விதைத்தவருக்கா, பட்டாதாரருக்கா? வெள்ள நிவாரணம் கிடைக்காத குத்தகை விவசாயிக்கு ஒரு பதில்

கடலூர் மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 46. கணவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார், மகள் கல்லூரியில் படிக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

குடும்பத்துக்குச் சொந்தமாக 90 சென்ட் நன்செய் இருக்கிறது. பட்டா இன்னும் மாமனார் பெயரில். அவர் காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதுபோக இரண்டரை ஏக்கர் குத்தகை. நிலத்துக்காரர் புதுச்சேரியில் இருக்கிறார். கணவர் காலத்தில் வாய்ப்பேச்சில் பிடித்த நிலம், போகத்துக்கு ஏக்கருக்கு 8 மூட்டை நெல். "மூட்டையை எடை போட்டு அவங்க சொல்ற இடத்துல இறக்கிடுவோம். ரசீதுன்னு நாங்க கேட்டதும் இல்லை, அவங்க கொடுத்ததும் இல்லை" என்கிறார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருவெள்ளமாக வந்தது. பொதி கட்டியிருந்த சம்பா மொத்தமும் சாய்ந்து அழுகிவிட்டது. குத்தகை நிலத்தில் ஆற்றுப் பக்கத்து வரப்பு உடைந்து, கணுக்காலுக்கு மேல் மணல் மேடாகிவிட்டது. கணக்கெடுக்க வந்தவர்கள் "பட்டா யார் பேருல?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்களாம். சில மாதம் கழித்து, குத்தகை நிலத்துக்கான நிவாரணம் நிலத்துக்காரர் கணக்கில் ஏறியது. சொந்த 90 சென்டுக்கு ஒன்றுமே வரவில்லை. பட்டாதாரர் உயிரோடு இல்லை என்று பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். நிலத்துக்காரரிடம் போனில் கேட்டதற்கு, "நிலம் என்னுது, பணம் கவர்ன்மெண்ட் எனக்குப் போட்டது. நீங்க அந்த போகத்துக் குத்தகை பாக்கியைக் கொடுங்க" என்றாராம்.

இப்போது ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எழுத்து இல்லாத குத்தகைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்கிறார் ஒருவர். பழைய தேதியில் முத்திரைத்தாள் வாங்கி ஒப்பந்தம் எழுதித் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். அரசு மீது வழக்குப் போட்டால் ஏக்கருக்குச் செலவழித்த முப்பதாயிரத்தையும் வாங்கிவிடலாம் என்கிறார் மூன்றாமவர். காப்பீடு கட்டியிருப்பதால் நிவாரணம் கிடைக்காது என்றும் ஒரு பேச்சு. எதை நம்புவது என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் "நான் பேராசைப்படுறேனா?" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இல்லை. நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, உரம் போட்டது நீங்கள். அந்தச் செலவில் ஒரு பங்கையாவது திருப்பிக் கொடுக்கத்தான் இந்தப் பணம் ஒதுக்கப்படுகிறது. அது உங்களிடம் வந்து சேரவில்லை என்றால் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு கேட்கலாம், யாரிடம் கேட்கலாம், எது கைக்கு வரும், எது வராது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு யோசனை சொன்னவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள்.

முதலில் தொகையைப் பார்ப்போம். அரசு கொடுப்பது நஷ்டஈடு அல்ல, இடுபொருள் நிவாரணம். அடுத்த சாகுபடிக்கு விதையும் உரமும் வாங்கக் கை கொடுக்கும் தொகை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வகுத்த விதிமுறைப்படி, பயிர்ச் சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பாசன வசதி உறுதியாக உள்ள நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஒரு விவசாயிக்கு இரண்டு ஹெக்டேர் வரைதான். ஃபெஞ்சலுக்குத் தமிழக அரசு அறிவித்ததும் இதே தொகைதான். ஏக்கர் கணக்கில் நெல்லுக்குச் சுமார் 6,880 ரூபாய் வரும். உங்கள் இரண்டரை ஏக்கர் குத்தகைக்குச் சுமார் 17,200, சொந்த 90 சென்டுக்குச் சுமார் 6,200. இரண்டையும் சேர்த்தாலும் இரண்டு ஹெக்டேருக்குள்தான் இருக்கிறீர்கள், அந்த வரம்பு உங்களைத் தொடாது.

மாநில அரசு விரும்பினால் கூடுதலாகக் கொடுக்கலாம். 2021 ஜனவரி மழையிலும் 2023 பிப்ரவரி மழையிலும் டெல்டா நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 கொடுத்தார்கள். ஆனால் அது அந்தந்த நேரத்து அரசின் முடிவு. "போன தடவை அவர்களுக்கு இருபதாயிரம் கொடுத்தீர்கள், எனக்கும் கொடுங்கள்" என்று நீதிமன்றத்தில் கேட்டு வாங்குவது கடினம். ஏக்கருக்கு முப்பதாயிரம் செலவானது நிஜம்தான், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதை அரசிடம் வழக்குப் போட்டு வாங்கலாம் என்ற யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 71-ஆம் பிரிவுப்படி, இந்தச் சட்டத்தின் கீழ் அரசு எடுத்த நடவடிக்கைகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோதான் போக முடியும். கடலூர் சிவில் கோர்ட்டில் போட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். வக்கீல் ஃபீஸ் உங்களுக்கு வர வேண்டிய நிவாரணத்தைவிட அதிகமாகும்.

பட்டாதாரருக்கு என்று விதியில் இருக்கிறதா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் வழக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது. நிவாரண விதிமுறைப் பட்டியலில் நிலம் சம்பந்தமாகப் பல இனங்கள் உண்டு. ஆறு திசை மாறியோ நிலச்சரிவாலோ நிலமே போய்விட்டால் ஒரு தொகை. அந்த இனத்தில் மட்டும், வருவாய்ப் பதிவேட்டின்படி நிலத்தின் உரிமை உள்ள சிறு, குறு விவசாயிக்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நிலம் போனால் நஷ்டம் சொந்தக்காரருக்கு, அது சரி. ஆனால் பயிர்ச் சேதத்துக்கான இடுபொருள் நிவாரணத்தில் அந்த வார்த்தைகள் இல்லை. அங்கே இருப்பது, விதைத்த பரப்புக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு. அதாவது பணம் விதைப்பைத்தான் தொடர்கிறது. விதைக்காத நிலத்தின் சொந்தக்காரருக்குக் கொடுக்க முடியாது என்றால், நிலத்தை விதைக்காத சொந்தக்காரருக்கு மட்டும் எப்படிக் கொடுக்க முடியும்? உங்கள் மனுவில் முதல் வாதமாக இதையே வையுங்கள்.

பிறகு ஏன் பட்டாதாரர் பெயர் எழுதப்படுகிறது? பட்டா கணினியில் இருக்கிறது, தட்டினால் வரும். உழுபவர் யார் என்று தெரிந்துகொள்ள வயலில் இறங்கி நாலு பேரைக் கேட்க வேண்டும், அடங்கலில், அதாவது வி.ஏ.ஓ.வின் சாகுபடிப் பதிவேட்டில், சரியாக எழுதியிருக்க வேண்டும். வெள்ளம் வடியாத நேரத்தில், மேலே இருந்து பட்டியலைச் சீக்கிரம் அனுப்பு என்று நெருக்கும்போது, எளிதானது எதுவோ அது நடக்கிறது. உங்கள் ஊர் வி.ஏ.ஓ. மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அவர் வேண்டுமென்றே செய்தார் என்று மனுவில் எழுத வேண்டாம். அதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இல்லை, தவிர நாளைக்கு உங்கள் பெயரை அடங்கலில் ஏற்ற வேண்டியவரும் அவர்தான்.

பி.எம். கிசான் பணம் நிலத்துக்காரருக்கு வருகிறதே, அப்படித்தானே இதுவும் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்தத் திட்டம் நிலம் உள்ள குடும்பத்துக்கு என்றே வகுக்கப்பட்டது. அதை இங்கே உதாரணம் காட்டவே கூடாது.

எழுத்து இல்லாத குத்தகை

எழுத்து இல்லை என்பதால் உரிமை இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-இல் இருந்து அமலில் இருக்கிறது. அதன்படி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ ஏற்பட்ட ஒப்பந்தத்தின் பேரில், பிறர் நிலத்தில் தன் உடலுழைப்பையோ தன் குடும்பத்தாரின் உடலுழைப்பையோ போட்டுச் சாகுபடி செய்பவர் சாகுபடிக் குத்தகைதாரர். வாய்ப்பேச்சே போதும். கணவர் பிடித்த குத்தகை, அவர் போன பிறகு எனக்கு என்ன உரிமை என்று கேட்டிருந்தீர்கள். குத்தகைதாரரின் வாரிசும், தானே வயலில் உழைத்தால், அதே பாதுகாப்புக்குள் வருகிறார். நீங்கள் நடவுக்கும் களைக்கும் நேரில் இறங்குபவர் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

அதே சமயம், வாய்ப்பேச்சை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான். என்னென்ன சான்று இருக்கும் என்று வீட்டில் தேடிப் பாருங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டிருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வி.ஏ.ஓ. சாகுபடிச் சான்று கொடுத்திருப்பார், அதில் சர்வே எண் இருக்கும். கொள்முதல் சீட்டில் உங்கள் பெயரோ கணவர் பெயரோ இருக்கும், பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்திருக்கும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று ஒரு குத்தகை விவசாயியிடம் இருப்பது அபூர்வம். முன் வருஷங்களில் இந்த நிலத்தை நீங்கள்தான் உழுதீர்கள் என்று ஒரு அரசு அலுவலரே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். உரக்கடை பில், டிராக்டர் வாடகை, அறுவடை இயந்திரக்காரருக்குப் போனில் அனுப்பிய பணம், பக்கத்து வயல்காரர்கள் இருவரின் வாக்குமூலம் எல்லாம் இதற்குத் துணை. வெள்ளத்தன்று மகள் செல்போனில் எடுத்த படங்களை அழிக்காமல் வையுங்கள். அந்தப் படங்களில் தேதி பதிவாகியிருக்கும்.

முத்திரைத்தாள் யோசனை சொன்னவரைத் தயவுசெய்து தள்ளி வையுங்கள். உண்மையான குத்தகைக்குப் பொய்யான காகிதம் செய்தால் உண்மையும் சேர்ந்து கெட்டுவிடும். நிவாரணத்துக்காகத் தெரிந்தே பொய்க் கோரிக்கை வைப்பது பேரிடர் மேலாண்மைச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம். போலி ஆவணம் தயாரித்தது தனிக் குற்றம். முத்திரைத்தாள் எந்தத் தேதியில், யாருக்கு விற்கப்பட்டது என்பதை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார். உங்களுக்கு அது தேவையும் இல்லை.

வெளியேற்றிவிடுவாரா?

நிலத்துக்காரர் நினைத்தவுடன் உங்களை வெளியேற்ற முடியாது. 1955 சட்டத்தில் சொன்ன காரணங்களில் ஒன்றைக் காட்டி, வருவாய் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் வெளியேற்ற உத்தரவு கேட்க முடியும். ஆனால் அந்தக் காரணங்களில் இரண்டு உங்களைக் கடிக்கக்கூடியவை.

ஒன்று, குத்தகை பாக்கி. "அவர் நிவாரணத்தை எடுத்துக்கிட்டார், நான் ஏன் குத்தகை கொடுக்கணும்?" என்று எழுதியிருக்கிறீர்கள். மனசுக்கு நியாயமாகத்தான் படும். ஆனால் நீங்களாகவே நிறுத்தினால், பாக்கி என்ற காரணத்தை நீங்களே அவர் கையில் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். விளைந்த போகத்துக்கான குத்தகையை ஒழுங்காகக் கொடுங்கள். நெல்லாகக் கொடுத்தால் ஒரு சின்ன நோட்டில் தேதியும் மூட்டைக் கணக்கும் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பணமாகக் கொடுத்தால் வங்கி மூலமோ போன் மூலமோ அனுப்பி, குறிப்பில் 'குத்தகை' என்றும் போகத்தின் பெயரையும் போடுங்கள். அவர் வாங்க மறுத்தால் வருவாய் நீதிமன்றத்தில் கட்ட வழியிருக்கிறது. வெள்ளத்தில் போன போகத்துக்கான 20 மூட்டை வேறு கதை. அதைக் குறைத்துக்கொள்ளும்படி கேளுங்கள், ஆனால் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, நிலத்துக்காரரின் உரிமையை வேண்டுமென்றே மறுப்பது. ஆத்திரத்தில் "இது எங்க நிலம், இருபது வருஷமா நாங்கதான் உழுறோம்" என்று கலெக்டர் மனுவில் எழுதிவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த ஒரு வரி பிறகு வெளியேற்ற மனுவில் அப்படியே வந்து நிற்கும். மனு எழுதித் தருபவர் யாராக இருந்தாலும், "நிலம் இன்னாருக்குச் சொந்தமானது, நான் அதில் சாகுபடிக் குத்தகைதாரர், சம்பாவைப் பயிரிட்டவர் நான்" என்றுதான் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் மகளை விட்டு முழுதும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சட்டம் இப்படிச் சொன்னாலும் நடைமுறையில் வேறு அபாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நிலத்துக்காரர் வழக்குப் போடாமலே வேறு ஆளை விட்டு டிராக்டரை இறக்க முயலலாம். அதனால்தான், பணத்தைக் கேட்பதற்கு முன்பாகவோ அதோடு சேர்த்தோ, குத்தகைப் பதிவுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறேன். குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969-இல் வந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால், நிலத்துக்காரருக்கு அறிவிப்பு அனுப்பி, இரு தரப்பையும் விசாரித்து, குத்தகைதாரர் என்று பதிவேட்டில் ஏற்றலாம். பதிவாகிவிட்டால் அடுத்த வெள்ளத்தில் பட்டியலுக்கு உங்கள் பெயர் போக அது வலுவான ஆவணம். விண்ணப்பித்தவுடன் அவர் கோபப்படுவார் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்கான சுமுகம் கெடும். அந்த விலையைக் கொடுக்கலாமா என்பதை நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், விண்ணப்பிப்பேன். நிலத்துக்காரர் நிலத்தை விற்கவோ, அவர் பிள்ளைகள் கைக்குப் போகவோ நேர்ந்தால், பதிவில்லாத குத்தகைதாரரின் நிலை இன்றைக்கு இருப்பதைவிட மோசமாகிவிடும்.

17,200 ரூபாயை எப்படிக் கேட்பது?

அரசு ஒருமுறை பட்டுவாடா செய்துவிட்ட பணத்தைத் திரும்ப வாங்கி வேறொருவருக்குக் கொடுப்பது மிக அரிது. அதனால் குத்தகை நிலத்துக்கான தொகையைப் பொறுத்தவரை பேச்சுதான் முதல் வழி. ஊரில் இருவரும் மதிக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு, வெள்ளப் போகத்தின் குத்தகையையும் அவர் வாங்கிய நிவாரணத்தையும் நேர் செய்துகொள்ளலாம் என்று கேட்டுப் பாருங்கள். அவர் பாக்கி கேட்பதை நிறுத்தினாலே உங்களுக்குப் பாதி லாபம். அவர் ஒப்புக்கொண்டால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதில் "குத்தகைதாரர்" என்ற சொல் இருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகவே தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் தப்பில்லை.

ஒப்புக்கொள்ளாவிட்டால் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தால் மக்கள் நீதிமன்றத்தில் வைத்து அவரையும் அழைத்துப் பேசுவார்கள். கோர்ட் கட்டணம் கிடையாது, அங்கே ஏற்படும் சமரசத்துக்குத் தீர்ப்பின் பலம் உண்டு. அதுவும் நடக்காமல் வழக்கு என்று போனால், உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை இன்னொருவர் பெற்றுக்கொண்டார் என்ற அடிப்படையில் போடலாம். அவர் கணக்கில் பணம் வந்த நாளிலிருந்து மூன்று வருஷம் காலக்கெடு. அந்தத் தேதியை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

தேதி, தொகை, யார் பெயரில் போனது என்பதையெல்லாம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு. உங்கள் சர்வே எண்களைக் குறிப்பிட்டு, பசலி 1434-க்கான (2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான வருவாய் ஆண்டு) அடங்கல் நகல், 2024 டிசம்பர் வெள்ளத்தின் பயிர்ச்சேதக் கணக்கெடுப்புப் பட்டியல் நகல், நிவாரணம் அனுமதித்த உத்தரவு, வரவு வைத்த தேதி என்று தனித்தனியாகக் கேளுங்கள். பயனாளி விவரம் தனிப்பட்ட தகவல், தர முடியாது என்று பதில் வரலாம். மானியத் திட்டங்களின் பயனாளி விவரத்தை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவே சொல்கிறது என்று எழுதி, முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். அடுத்தவர் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்காதீர்கள், அது கிடைக்காது, தேவையும் இல்லை.

சொந்த 90 சென்ட்

இந்தப் பணம் யாருக்கும் இன்னும் போகவில்லை. அதனால் இங்கே வாய்ப்பு அதிகம், முதலில் கையெடுக்க வேண்டியதும் இதுதான். பட்டாதாரர் இறந்துவிட்டார் என்பது பெயரை மாற்ற வேண்டிய காரணம், பயிர்ச் சேதத்தை மறுக்கும் காரணம் அல்ல. மாமனாரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். அது முடியக் காத்திருக்காமல், விடுபட்ட பயனாளி என்று வட்டாட்சியருக்கும் வேளாண்மை உதவி இயக்குநருக்கும் மனு கொடுங்கள். மாமியார், மைத்துனர், நாத்தனார் மூவரிடமும் "இந்த நிலத்தில் 2024 சம்பா பயிரிட்டது இவர்தான், இந்த நிவாரணத்தை இவர் பெறுவதில் ஆட்சேபணை இல்லை" என்று எழுதி வாங்கி இணையுங்கள்.

நாத்தனாரிடம் கையெழுத்துக் கேட்டால் பங்கு கேட்பாரோ என்று பயப்படுகிறீர்கள். அம்மா, அவருக்குப் பங்கு இருந்தால் அது மாமனார் இறந்த அன்றே வந்துவிட்டது. நீங்கள் கேட்காமல் இருப்பதால் அது போய்விடாது, கேட்பதால் புதிதாகவும் வராது. மறைத்து ஒருவர் பெயரில் மட்டும் பட்டா வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், பத்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளைகள் கோர்ட்டில் நிற்க வேண்டிவரும். நேராகப் போய்ப் பேசுங்கள். "இது பயிருக்கான பணம், நிலப் பங்கைத் தொடாது" என்பதைக் கடிதத்திலேயே எழுதிக் காட்டினால் பெரும்பாலும் கையெழுத்துப் போடுவார்கள்.

மணல் மேடு, காப்பீடு, கடன்

நிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால், அதை அகற்றச் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் வரை தனி உதவி விதிமுறையில் இருக்கிறது. அலுவலர் அளந்து சான்று தர வேண்டும். இது அந்த நேரத்தில் கேட்கப்பட்டிருக்க வேண்டியது, உங்கள் ஊரில் யாருமே கேட்கவில்லை போலிருக்கிறது. மனுவில் சேர்த்துவிடுங்கள், ஆனால் இதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மணலை இலவசமாக அள்ளிக்கொள்கிறேன் என்று லாரிக்காரர் வந்தாரே, அவருக்குச் சம்மதம் சொல்ல வேண்டாம். கனிமவளத் துறை அனுமதி இல்லாமல் மணல் வண்டியேறினால் வழக்கு உங்கள் மேலும் நிலத்துக்காரர் மேலும் வரும்.

காப்பீடும் நிவாரணமும் வேறு வேறு. ஒன்றை வாங்கினால் மற்றது போகாது. காப்பீட்டுக்கு நீங்கள் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள், அது ஒப்பந்தம். ஆனால் உங்கள் வயல் அழுகியதைப் பார்த்து அந்தப் பணம் வராது. உங்கள் வருவாய்க் கிராமத்தில் நடத்திய அறுவடைப் பரிசோதனைகளின் சராசரி மகசூல், முன் வருஷங்களை வைத்துக் கணக்கிட்ட உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால்தான் வரும். மேட்டு வயல்களில் நன்றாக விளைந்திருந்தால் ஊர்ச் சராசரி தேறிவிடும், உங்களுக்கு ஒன்றும் வராமலும் போகலாம். உங்கள் கிராமத்தின் மகசூல் விவரத்தை வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். குத்தகை நிலத்தையும் காப்பீடு செய்யலாம் என்பது உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். பிரதமர் பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரருக்கும் இடம் உண்டு, அடங்கலில் சாகுபடிதாரர் பெயர் உங்களுடையதாக இருந்தால் போதும்.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் தவணை தவறிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ரிசர்வ் வங்கி 2018-இல் வெளியிட்ட இயற்கைச் சீற்ற வழிகாட்டுதலில், 33 சதவீதத்துக்கு மேல் பயிர் போன பகுதிகளில் குறுகிய காலப் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றித் தர இடமிருந்தது. சேதம் பாதிக்கு மேல் என்றால் ஐந்து வருஷம் வரை. அதைத் தழுவி உங்கள் சங்கத்திலும் செய்ய முடியுமா என்று செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். நகையை வைத்துப் பழைய கடனைக் கட்டிவிட்டு மறுபடி கடன் எடுக்கலாம் என்ற யோசனையை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வரிசை இதுதான். வரும் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் 90 சென்டுக்கான மனுவைக் கொடுத்து ரசீது எண்ணை வாங்குங்கள். குத்தகை நிலத்துக்குத் தனி மனு, இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் ஒன்றைக் காட்டி மற்றதையும் மூடிவிடுவார்கள். அதே வாரத்தில் தகவல் உரிமை மனு. பிறகு மாத விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ரசீது எண்ணைச் சொல்லி எழுந்து கேளுங்கள், முன்னால் வேளாண்மை இணை இயக்குநரும் உட்கார்ந்திருப்பார், பதில் அங்கேயே பதிவாகும். அப்புறமும் மாதக்கணக்கில் அசைவில்லை என்றால், மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். அதற்கு உங்கள் கையிலிருந்து செலவழிக்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இலவச வக்கீல் பெறத் தகுதியானவர்கள் பட்டியலில் பெண்களும் இருக்கிறார்கள், வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வகையிலும் உங்களுக்குத் தகுதி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தால் யாரைப் பார்ப்பது என்று சொல்வார்கள். போகும்போது கொள்முதல் நிலையச் சீட்டுகளின் அசலைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள்.